குசினி இழுத்துக் கட்டுவதற்கு முன்: லைசென்ஸ், முன்பணம், வக்கீல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு ஹார்ட்வேர் கடையில் பில் போடுகிறேன். சிமெண்டு வாங்க வரும் குத்தகையாளரும் (கொண்டிராக்டர்) என் மேசைக்குத்தான் வருவார், அவரிடம் காசைக் கொடுத்துவிட்டு ஆளைக் காணோமென்று விசாரிக்க வரும் வீட்டுக்காரரும் என் மேசைக்குத்தான் வருவார். தோட்டத்தை விட்டு வந்து தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வீடு வாங்கியவர்களுக்கு முதல் ஆசை பின்பக்கம் குசினியை, அதாவது சமையலறையை, இழுத்துக் கட்டுவது. அதுவும் தீபாவளிக்குள் முடிய வேண்டும். அந்த அவசரத்தில்தான் எல்லாம் நடக்கிறது.

எனக்கும் நடந்தது. சில வருஷத்துக்கு முன் 14,000 ரிங்கிட்டுக்குப் பேசி, 9,000 கொடுத்து, ஜன்னல் உயரத்துக்குச் சுவர் எழும்பியதும் ஆள் வரவில்லை. கூரை இல்லாத குசினியில் அந்தத் தீபாவளிக்குப் பலகாரம் சுட்டோம். அதற்குப் பிறகு நான் அலைந்து தெரிந்துகொண்டதும், கடையில் ஒரே சந்தேகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டதும் சேர்ந்துதான் இந்தப் பக்கம். நான் வக்கீல் இல்லை. பெரிய தொகை சம்பந்தப்பட்டால் வக்கீலிடம் ஒரு தடவை உட்கார்ந்து பேசிவிடுங்கள், அதைப் பற்றியும் கீழே இருக்கிறது.

அக்கா, கொண்டிராக்டருக்கு லைசென்ஸ்னு ஒன்னு இருக்கா? எதைக் கேட்கணும்?

இருக்கிறது. சிஐடிபி என்று நாம் சொல்லும் மலேசியக் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். 1994-ஆம் ஆண்டின் 520-ஆவது சட்டம் அது. பதியாமல் கட்டுமான வேலை எடுத்தால் 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாமல் 100,000 ரிங்கிட் வரை அபராதம்.

பலர் எஸ்எஸ்எம் (மலேசிய நிறுவன ஆணையம்) பேப்பரைக் காட்டி "லைசென்ஸ் இருக்கு" என்பார்கள். எஸ்எஸ்எம் வெறும் வியாபாரப் பதிவு. நாசி லெமாக் கடைக்கும் அதே பேப்பர்தான். அது இருக்கத்தான் வேண்டும், ஆனால் அது மட்டும் இருந்தால் அவர் கட்டட வேலை செய்யலாம் என்று அர்த்தம் இல்லை. இரண்டையும் கேளுங்கள்.

சின்ன வேலைதானே லா, இதுக்கெல்லாமா சிஐடிபி?

சட்டம் புதுக் கட்டடத்தை மட்டும் சொல்லவில்லை. நீட்டிக் கட்டுவது, பழுது பார்ப்பது, மாற்றி அமைப்பது, இடிப்பது எல்லாமே அதன் கணக்கில் கட்டுமான வேலைதான். "வீட்டு வேலைக்குத் தேவையில்லை" என்று எவராவது சொன்னால் அவரிடம் பதிவு இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

நடைமுறையில் பெயிண்ட் அடிக்க, இரண்டு ஓட்டை மாற்ற வருகிற உள்ளூர் ஆளிடம் நானும் சான்றிதழ் கேட்பதில்லை, பொய் சொல்லவில்லை. ஆனால் சுவர், தூண், பீம், கூரை, கழிவுக் குழாய் இதில் எதைத் தொட்டாலும் பதிவு இல்லாதவரை உள்ளே விடாதீர்கள்.

ஜி1, ஜி7னு சொல்றாங்களே, பெரிய நம்பர்னா கெட்டிக்காரரா?

இல்லை. எவ்வளவு பெரிய வேலை எடுக்கலாம் என்பதற்கான படி அது. ஜி1 என்றால் 200,000 ரிங்கிட் வரை, ஜி2 500,000 வரை, ஜி3 பத்து லட்சம் வரை, இப்படியே ஏறி ஜி7-க்கு வரம்பே கிடையாது. நம் குசினிக்கு ஜி1 தாராளம். ஜி7 கம்பெனியைக் கூப்பிட்டால் அவர் கீழே ஒரு ஆளுக்குக் கொடுப்பார், அவர் இன்னொரு ஆளுக்குக் கொடுப்பார், கடைசியில் உங்கள் வீட்டுக்கு வருவது யாரென்று உங்களுக்கே தெரியாது.

படியைவிட வேலை வகையைப் பாருங்கள். கட்டடம், சிவில், மெக்கானிக்கல் எலெக்ட்ரிக்கல் என்று தனித்தனியாகப் பதிவு உண்டு. சாலை போடுவதற்குப் பதிந்தவர் உங்கள் பீமை உடைக்க வரக்கூடாது. இன்னொன்று, பதிவு என்பது வேலை சுத்தத்துக்கு உத்தரவாதம் இல்லை. பிரச்சினை வந்தால் பிடிக்க ஒரு ஆள், ஒரு முகவரி இருக்கிறது என்பதற்குத்தான் உத்தரவாதம். சுத்தத்துக்கு, அவர் ஏற்கெனவே கட்டிய வீட்டுக்கு ஒரு மழை நாளில் போய்ப் பாருங்கள்.

சர்டிபிகேட் படத்தை வாட்சாப்பில அனுப்பிட்டாரு. அது போதாதா?

போதாது. எனக்கும் அனுப்பினார். கையில் பிடித்தபடி எடுத்த படம், கட்டைவிரல் ஓரமாகப் பதிந்திருந்தது. விரல் இருந்த இடத்தில்தான் காலாவதித் தேதி இருந்தது. அதை நான் கவனித்தது காசு போன பிறகு. அந்தச் சான்றிதழ் முடிந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது, அதோடு அது வேறொரு கம்பெனியின் சான்றிதழ்.

சிஐடிபி இணையதளத்தில் குத்தகையாளரைத் தேடும் வசதி இருக்கிறது. பெயரையோ பதிவு எண்ணையோ நீங்களே தட்டிப் பாருங்கள், அவர் போன் திரையில் காட்டுவதை நம்ப வேண்டாம். தெரியவில்லை என்றால் ஈப்போவில் உள்ள அவர்கள் அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேளுங்கள். அப்புறம் எஸ்எஸ்எம்-இல் அந்த வியாபாரத்தின் விவரத்தை எடுங்கள். சில வெள்ளிதான் (ரிங்கிட்) கட்டணம், உரிமையாளர் பெயரும் பதிந்த முகவரியும் அதில் வந்துவிடும்.

எடுத்ததும் நான்கு பெயரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: சிஐடிபி பதிவில் உள்ள பெயர், எஸ்எஸ்எம் பெயர், கொட்டேஷன் தலைப்பில் உள்ள பெயர், காசு போட வேண்டிய வங்கிக் கணக்கின் பெயர். நான்கும் ஒன்றாக இருக்க வேண்டும். உங்கள் எதிரில் உட்கார்ந்து தேநீர் குடிப்பவரின் ஐசி (அடையாள அட்டை), எஸ்எஸ்எம் விவரத்தில் உள்ள உரிமையாளரோடோ இயக்குநரோடோ பொருந்த வேண்டும். எனக்கு நான்கில் மூன்று பெயர் வேறு வேறாக இருந்தது. இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதை மட்டும் செய்யுங்கள்.

பேரு பொருந்தல. "கூட்டாளி லைசென்ஸ், ரெண்டு பேரும் ஒன்னுதான்"ங்கிறாரு. பரவாயில்லையா?

ரெண்டு பேரும் ஒன்றுதான் என்றால் கொட்டேஷனை அந்தக் கூட்டாளி கம்பெனியே கொடுக்கட்டும், காசும் அந்தக் கம்பெனிக் கணக்குக்கே போகட்டும் என்று சொல்லிப் பாருங்கள். நிஜமாகவே சேர்ந்து வேலை செய்கிறவர்கள் என்றால் மறுநாளே கொண்டுவந்து தருவார்கள். லைசென்ஸை வாடகைக்கு வாங்கியவர் என்றால் முகம் மாறும். எங்கள் கடைக்கு வருகிறவர்களில் இரண்டு வகையும் உண்டு.

வயரிங், பைப் எல்லாம் அவரே பார்த்துக்கிறேன்னு சொல்றாரே?

பார்த்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கு உரியவரைக் கொண்டுவந்து. மின்சார வேலைக்குச் சுருஹன்ஜாயா தெனாகா என்ற எரிசக்தி ஆணையத்தில் பதிந்த மின்குத்தகையாளரும் தகுதிச் சான்றிதழ் உள்ள வயர்மேனும் வேண்டும். வேலை முடிந்ததும் போராங் (பாரம்) ஜி, போராங் எச் இரண்டையும் கையெழுத்துடன் கேட்டு வாங்குங்கள். ஒன்று மேற்பார்வைக்கும் நிறைவுக்கும், மற்றது சோதனைக்கும். புதுக் குசினியில் ஃபிரிட்ஜ், அடுப்பு, வாட்டர் ஹீட்டர் எல்லாம் பழைய வயரில் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர்க் குழாய் வேலைக்கும் தனி பெர்மிட் உண்டு, அதை வழங்குவது ஸ்பான் என்ற தேசிய நீர்ச் சேவை ஆணையம்.

நகராண்மைக் கழகத்துல அனுமதி எடுக்கிறது கொண்டிராக்டர் வேலைதானே?

ஓடியாடுவது அவராக இருக்கலாம், ஆனால் நோட்டீஸ் வருவது உங்கள் பெயருக்கு. 1974-ஆம் ஆண்டின் தெரு, வடிகால், கட்டடச் சட்டப்படி ஊராட்சி மன்ற அனுமதி இல்லாமல் கட்டடத்தை எழுப்பவோ நீட்டவோ கூடாது. சுங்கை சிப்புட் கோலாகங்சார் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது, அங்கே கட்டடப் பிரிவில் நேரில் போய்க் கேட்டால் உங்கள் வேலைக்கு எது தேவை என்று சொல்லிவிடுவார்கள். பெயிண்ட், கேபினட், ஓடு மாற்றுவது பொதுவாகப் பிரச்சினை இல்லை. பின்னால் நீட்டுவது, சுமை தாங்கும் சுவரை இடிப்பது, மாடி எழுப்புவது என்றால் வரைபடம் வேண்டும், அதைக் கட்டடக் கலைஞரோ பொறியாளரோ பதிவு பெற்ற வரைவாளரோ சமர்ப்பிக்க வேண்டும். பல இடங்களில் பக்கத்து வீட்டுக்காரரின் சம்மதக் கடிதமும் கேட்பார்கள், அதனால் கல் இறக்குவதற்கு முன் ஒரு தட்டு முறுக்கோடு போய்ப் பேசிவிடுங்கள்.

"அனுமதி எடுத்தாச்சு" என்று வாயால் சொன்னால் ஏற்காதீர்கள். அனுமதிக் கடிதத்தின் பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும். வீட்டுக்கு இன்னும் வங்கிக் கடன் ஓடுகிறது என்றால் கடன் ஒப்பந்தத்தையும் புரட்டுங்கள், கட்டடத்தை மாற்றுவதற்கு வங்கியின் ஒப்புதல் வேண்டும் என்று அதில் ஒரு வரி இருக்கக்கூடும்.

எங்க வரிசையில எல்லாரும் அனுமதி இல்லாமத்தான் கட்டினாங்க, ஒன்னும் ஆகலையே?

யாரும் புகார் கொடுக்காத வரை ஒன்றும் ஆகாது. பின் சந்துக் கால்வாய் அடைத்துக்கொண்டு ஒரு மழையில் தண்ணீர் ஏறட்டும், அன்றைக்கு முதல் புகார் போகும். வீட்டை விற்கும்போதும் வாங்குகிறவரின் வங்கி மதிப்பீட்டாளர் கேட்பார்.

நாங்க இன்னும் தோட்டத்து லயத்துலதான் இருக்கோம். சொந்தக் காசுல கூரை மாத்தலாமா?

மாற்றாதீர்கள், குறைந்தபட்சம் நிர்வாகத்தின் எழுத்து இல்லாமல் மாற்றாதீர்கள். வீடு தோட்டத்துச் சொத்து. தொழிலாளர் குடியிருப்பு எந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம் இருக்கிறது, அந்தப் பொறுப்பு முதலாளியுடையது. முதலில் ஆபீசில் எழுத்தில் கொடுத்துப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள், நடவடிக்கை இல்லையென்றால் தொழிலாளர் துறைக்குப் போகலாம். கிராணியிடம் (தோட்டத்து ஆபீஸ் கிளார்க்) வாயால் சொல்லிவிட்டு ஒரு வருஷம் காத்திருப்பது நம் பழைய வழக்கம், அதற்குச் சாட்சி கிடையாது.

புது வீடு, இப்பத்தான் சாவி கிடைச்சது. உடனே இடிக்கலாமா?

கொஞ்சம் பொறுங்கள். மேம்பாட்டாளரிடம் (டெவலப்பர்) நேரடியாக வாங்கிய வீட்டுக்கு, சாவி கிடைத்ததிலிருந்து 24 மாதம் குறைகளைச் சரிசெய்யும் காலம் உண்டு. நீங்கள் இடித்துக் கட்டிய பிறகு சுவர் வெடித்தால் "உங்கள் ஆள் இடித்ததால்" என்பார்கள். முதலில் ஒவ்வொரு வெடிப்பையும் படமெடுத்து, எழுத்தில் கொடுத்து, சரிசெய்ய வைத்துவிட்டு அப்புறம் கைவையுங்கள். மேம்பாட்டாளரோடு தகராறு என்றால் வீடு வாங்குவோருக்கென்று தனித் தீர்ப்பாயம் இருக்கிறது. நான் பின்னால் சொல்லப்போவது குத்தகையாளருக்கானது, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

முன்பணம் எவ்வளவு கொடுக்கலாம்? பாதி கேட்கிறாரு.

இவ்வளவுதான் என்று சட்டம் எதுவும் கிடையாது, பேசி முடிப்பதுதான். நானாக இருந்தால் பத்து, அதிகம் போனால் பதினைந்து விழுக்காடு. மீதியை வேலையோடு கட்டுங்கள், தேதியோடு கட்டாதீர்கள். "மாதக் கடைசியில் 3,000" என்று எழுதாமல் "அடித்தளம் போட்டதும் இவ்வளவு, சுவர் பீம் மட்டத்துக்கு வந்ததும் இவ்வளவு, கூரை போட்டதும் இவ்வளவு" என்று எழுதுங்கள். கடைசிப் பத்து விழுக்காட்டை ஒரு நல்ல மழை பெய்து கூரை ஒழுகவில்லை என்று பார்த்த பிறகுதான் கொடுப்பேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

"சாமான் வாங்க காசு இல்லை" என்பார், சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும், சின்னக் குத்தகையாளர்களின் கஷ்டம் எனக்குத் தெரியும். அப்படியானால் சாமானை நீங்களே கடையில் வாங்கி இறக்குங்கள், அவருக்குக் கூலி மட்டும் கொடுங்கள். ரொக்கமாகக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். வங்கி மாற்றலில் "குசினி, இரண்டாம் தவணை" என்று குறிப்பு எழுதி அனுப்பினால் அதுவே பிறகு பேசும்.

எழுத்தெல்லாம் எதுக்கு, நம்ம ஆளு, கோயில் கமிட்டியில இருக்காரு?

கோயில் கமிட்டிக்கும் கணக்குப் புத்தகம் உண்டு, இல்லையா? எழுதுவது அவரை நம்பாததால் இல்லை, ஆறு மாதம் கழித்து இரண்டு பேருக்கும் ஞாபகம் வேறு வேறாக இருக்கும் என்பதால்.

இரண்டு பக்கம் போதும். இரண்டு பேரின் முழுப்பெயர், ஐசி எண், சிஐடிபி எண், எஸ்எஸ்எம் எண், முகவரி. என்ன வேலை, என்ன சாமான் (ஓடு என்று மட்டும் எழுதாமல் அளவும் வகையும்), மொத்த விலை, தவணை, ஆரம்பிக்கும் நாள், முடிக்கும் நாள், தாமதமானால் என்ன, கூடுதல் வேலைக்கு எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும் என்ற ஒரு வரி, முடிந்த பிறகு எத்தனை மாதம் குறைகளைச் சரிசெய்து தருவார் என்ற ஒரு வரி. அப்புறம் கையெழுத்து. உள்நாட்டு வருமான வரி வாரியத்தில் முத்திரை போடுவதையும் தள்ளிப்போடாதீர்கள், முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் சாட்சியாக வைக்கும்போது தகராறு வரும்.

எழுத்தே இல்லையென்றால் எல்லாம் போச்சா என்றால் போகவில்லை. வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான், வாட்சாப் உரையாடலும் சாட்சிதான். போனை மாற்றும்போது அழித்துவிடாதீர்கள், குரல் பதிவுகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கொட்டேஷன்ல எழுதினது வேற, வந்து இறங்கினது வேற. உங்க கடையில வாங்கினதுதானே, உங்களுக்குத் தெரியாதாக்கா?

இந்தக் கேள்வி எனக்குக் கொஞ்சம் வலிக்கும். ஒரு தடவை ஒரு வீட்டுக்காரர் கொட்டேஷனைக் காட்டினார், 12 மில்லிமீட்டர் கம்பி என்று இருந்தது. முந்தின வாரம் அந்த வேலைக்கு நான் பில் போட்டது 10 மில்லிமீட்டர் கம்பி. பார்வைக்கு வித்தியாசம் சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லை, ஆனால் கம்பியின் குறுக்குப் பரப்பில் முப்பது விழுக்காடு போய்விடுகிறது. கான்கிரீட் ஊற்றிவிட்டால் அப்புறம் யார் கண்டது?

ஒவ்வொரு வாடிக்கையாளரின் பில்லையும் நான் ஊருக்குச் சொல்ல முடியாது. ஆனால் லாரி வந்து இறக்கும்போது டெலிவரி ஆர்டரில் கையெழுத்துப் போடுவது பெரும்பாலும் உங்கள் வீட்டு ஆள்தான். அந்தக் காகிதத்தைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். கம்பி கட்டி முடித்து, கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் அளவு நாடாவை வைத்து ஒரு படம் எடுங்கள்.

காசை வாங்கிட்டு ஆள் வரல. போலீசா, கோர்ட்டா, வக்கீலா?

முதலில் ஒரு கடிதம். என்ன பேசினோம், எவ்வளவு கொடுத்தேன், என்ன முடியவில்லை, இன்ன தேதிக்குள் வந்து முடிக்க வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளை வைத்து முடித்து அந்தச் செலவைக் கேட்பேன் என்று எழுதி, பதிவுத் தபாலிலும் வாட்சாப்பிலும் அனுப்புங்கள். 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் (நுகர்வோர்) பாதுகாப்புச் சட்டமே இந்த வழியைத்தான் தருகிறது: சேவை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் நியாயமான காலத்திலும் இருக்க வேண்டும், இல்லையென்றால் சரிசெய்யச் சொல்லலாம், மறுத்தால் வேறு ஆளை வைத்துச் செய்து செலவைக் கேட்கலாம். வேறு ஆளை விடுவதற்கு முன் இருக்கிற நிலையைப் படமெடுத்து, வேறு இரண்டு குத்தகையாளரிடம் கொட்டேஷன் வாங்கிக்கொள்ளுங்கள்.

போலீஸ் புகார் கொடுக்கலாம். ஆனால் வேலையைப் பாதியில் விட்டதற்கு "இது சிவில்" என்று சொல்லித்தான் அனுப்புவார்கள், அது பெரும்பாலும் சரியும்கூட. ஏமாற்றுவது, அதாவது தண்டனைச் சட்டம் 420, ஆரம்பத்திலேயே ஏய்க்கும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். அடுத்தவர் சான்றிதழைத் தன்னுடையது என்று காட்டினார், ஒரே வாரத்தில் நான்கு வீட்டில் முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்தார் என்றால் தயங்காமல் போங்கள், மற்ற வீட்டுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு. பதிவு சம்பந்தப்பட்ட புகாரைச் சிஐடிபிக்கும் அனுப்புங்கள். ஆனால் அவர்கள் உங்கள் காசை வாங்கித் தரமாட்டார்கள்.

காசு திரும்ப வர எங்க போறது? தீர்ப்பாயம்ங்கிறாங்களே?

பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம். பிரச்சினை ஏற்பட்டதிலிருந்து மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். பொதுவாக இரண்டு பக்கமும் வக்கீல் கிடையாது, நீங்களே பேச வேண்டும். போராங் 1-ஐ மலாயில் நிரப்ப வேண்டும், இணையத்திலும் போடலாம். நமக்குக் கிட்ட ஈப்போ.

மனுவைப் போட்ட பிறகு அதன் பிரதியை எதிராளிக்குச் சேர்க்க வேண்டியது நாம்தான், கையிலோ பதிவுத் தபாலிலோ. நான் இங்கேதான் மாட்டினேன். கொட்டேஷனில் இருந்த முகவரிக்கு அனுப்பினேன், பத்து நாளில் உறை திரும்பி வந்தது, மேலே நீலப் பேனாவில் "பிண்டா" (இடம் மாறிவிட்டார்) என்று எழுதியிருந்தது. அந்தக் கடையை மூடி எத்தனையோ மாதம். அதற்கப்புறம்தான் எஸ்எஸ்எம் விவரத்தை எடுத்தேன், கொட்டேஷனில் இருந்த வியாபாரம் அவர் மனைவி பெயரில் பதிந்திருந்தது, வங்கிக் கணக்கும் அந்த அம்மாவுடையதுதான், முகவரி எங்கள் வீட்டிலிருந்து பதினைந்து நிமிஷ தூரம். முதல் நாளே சில வெள்ளி செலவழித்திருந்தால் தெரிந்திருக்கும் விஷயம்.

விசாரணையில் உங்களைக் காப்பாற்றுவது கோப்புதான். நான் தேதி வரிசையில் அடுக்கி, ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் போட்டு மூன்று பிரதி கொண்டு போனேன். வங்கி மாற்றல், வாட்சாப் அச்சு, படங்கள், இரண்டு கொட்டேஷன். தலைவர் ஐந்து கேள்வி கேட்டிருப்பார், அவ்வளவுதான். எழும்பிய சுவருக்கு உள்ள மதிப்பைக் கழித்துவிட்டு 5,200 ரிங்கிட் கொடுக்கச் சொன்னார்கள். மன உளைச்சலைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன், அதை யாரும் கேட்கவில்லை.

ஐம்பதாயிரத்துக்கு மேல போயிருச்சுன்னா?

மேலே உள்ளதை விட்டுக்கொடுத்து 50,000-க்குக் குறைத்துக்கொண்டு தீர்ப்பாயத்திலேயே கேட்கலாம். ஒரே விஷயத்தை இரண்டாக உடைத்து இரண்டு மனு போட முடியாது. முழுத் தொகையும் வேண்டுமென்றால் நீதிமன்றம்: 100,000 வரை மாஜிஸ்திரேட், அதற்கு மேல் பத்து லட்சம் வரை செஷன்ஸ். அங்கே வக்கீல் வேண்டியிருக்கும். ஒரு வழியைத் தேர்ந்தெடுத்துப் போங்கள், தீர்ப்பாயத்தில் ஓடிக்கொண்டிருக்கும் விஷயத்தை நீதிமன்றத்துக்கும் கொண்டுபோக விடமாட்டார்கள்.

5,000 ரிங்கிட்டுக்குள் என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை என்று ஒரு வழி உண்டு, போராங் 198 நிரப்பி வக்கீல் இல்லாமல் போடலாம். வீட்டு வேலைத் தகராறுக்கு எனக்குத் தீர்ப்பாயமே சுலபமாகப் படுகிறது.

காப்பிக் கடையில ஒருத்தரு, "வந்த காசுல இருபது பர்சன்ட் கொடுங்க, நான் வாங்கித் தரேன்"ங்கிறாரு. வக்கீல்னுதான் சொல்றாங்க.

வக்கீல் அப்படிப் பேசமாட்டார். ஜெயித்தால் மட்டும் பங்கு என்று கட்டணம் பேசுவதற்கு 1976-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டம் இடம் தரவில்லை. வக்கீல் இல்லாதவர் வக்கீலாக நடந்துகொள்வதும் குற்றம். குத்தகையாளருக்குச் செய்த சோதனையை இங்கேயும் செய்யுங்கள்: வழக்கறிஞர் மன்றத்தின் இணையதளத்தில் பெயரைத் தேடுங்கள், அந்த அலுவலகத்தின் நிலையான தொலைபேசிக்கு அழைத்து அவர் அங்கே இருக்கிறாரா என்று கேளுங்கள், காசை அந்த நிறுவனத்தின் கணக்குக்குப் போட்டு ரசீது வாங்குங்கள்.

நல்ல வக்கீலிடம் முதலில் கேட்க வேண்டியது, "கோரிக்கைக் கடிதம் மட்டும் என்றால் எவ்வளவு, வழக்கு என்றால் எவ்வளவு, தோற்றால் எதிராளி செலவு என் தலையில் விழுமா?" கடிதத்துக்கே பாதி பேர் பேச வந்துவிடுவார்கள். 8,000 ரிங்கிட் விஷயத்துக்கு 6,000 ரிங்கிட் கட்டணம் ஆகும் என்றால் அதைச் சொல்லித் தீர்ப்பாயத்துக்கு அனுப்பும் வக்கீலும் இருக்கிறார், அவரை விடாதீர்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசே இல்லைன்னா?

அரசாங்கத்தின் சட்ட உதவித் துறை இருக்கிறது, ஜபாத்தான் பந்துவான் குவாமான் என்று கேட்டால் தெரியும். வருமானத்தைப் பார்த்து எடுப்பார்கள். வழக்கறிஞர் மன்றம் நடத்தும் சட்ட உதவி மையமும் ஈப்போவில் உண்டு. சம்பளச் சீட்டு, ஐசி, மேலே சொன்ன கோப்பு மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். வழக்கை எடுக்காவிட்டாலும் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்புவார்கள்.

அவரு என் மேல கேஸ் போடுவேன்கிறாரு. கட்டுமானச் சட்டத்துல சீக்கிரம் தீர்ப்பு வாங்கிடுவாராம்.

அவர் சொல்வது சிப்பா என்ற 2012-ஆம் ஆண்டுச் சட்டமாக இருக்கும், கட்டுமானக் காசைச் சீக்கிரம் வாங்க வழி செய்யும் சட்டம். ஆனால் தனிமனிதர் தான் குடியிருப்பதற்காகக் கட்டும், நான்கு மாடிக்குக் குறைந்த வீட்டுக்கு அது பொருந்தாது. உங்கள் குசினிக்கு அதைக் காட்டி மிரட்ட முடியாது.

சாதாரண வழக்கு போடலாம், அந்த உரிமை அவருக்கும் உண்டு. செய்த வேலைக்குக் காசு பாக்கி இருந்தால் கொடுத்துவிடுங்கள். கோபத்தில் அவருடைய சிமெண்டு மிக்சரை வீட்டுக்குள் வைத்துப் பூட்டி விற்றுவிடாதீர்கள், அது உங்கள் வழக்கைக் கெடுக்கும். சம்மன் வந்தால் தூக்கி அலமாரியில் வைக்காமல் அன்றைக்கே வக்கீலிடம் போங்கள்.

கட்டி நாலு வருஷம் ஆச்சு, இப்ப சுவர் வெடிக்குது. கேட்க முடியுமா?

தீர்ப்பாயத்துக்கு மூன்று வருஷக் கணக்கு இருக்கிறது. ஒப்பந்த மீறல் என்று நீதிமன்றம் போக ஆறு வருஷம். கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருந்த குறை பிறகு தெரியவந்தால், கவனக்குறைவு என்ற அடிப்படையில் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருஷம் கூடக் கிடைக்கலாம், மொத்தம் 15 வருஷத்துக்கு மேல் போகாமல். 1953-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டத்தில் 2018-இல் சேர்த்தது அது. எது உங்களுக்குப் பொருந்தும் என்பதைத்தான் வக்கீலிடம் கேட்க வேண்டும். அதற்குள் வெடிப்புக்குக் குறுக்கே பென்சில் கோடு போட்டு, தேதி எழுதி, மாதம் ஒரு படம் எடுத்து வையுங்கள், பொறியாளர் வந்து பார்க்கும்போது உதவும்.

தீர்ப்பு வந்திருச்சு, அப்பவும் காசு தரல. இப்ப என்ன செய்யறது?

தீர்ப்பாயத்தின் தீர்ப்பு மாஜிஸ்திரேட் நீதிமன்ற உத்தரவுக்குச் சமம், அதை வைத்துச் சொத்தைப் பறிமுதல் செய்யும் வழிக்குப் போகலாம். அதோடு 14 நாளுக்குள் தீர்ப்பின்படி நடக்கவில்லை என்றால் அது குற்றமும் ஆகிறது, அபராதமோ சிறையோ உண்டு. தீர்ப்பாயத்திலேயே தெரிவித்தால் அமலாக்கப் பிரிவுக்கு அனுப்புவார்கள்.

எனக்குப் பதினான்காம் நாள் வரை ஒன்றும் வரவில்லை. பதினைந்தாம் நாள், தீர்ப்பின் பிரதியோடு "அமலாக்கத்துக்குப் புகார் கொடுக்கிறேன்" என்று இரண்டே வரி எழுதி, எஸ்எஸ்எம் முகவரிக்கு, அந்த அம்மா பெயருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மூன்றாம் நாள் கடைக்கு வந்தது அவர் இல்லை, அவருடைய மனைவி. உறையில் 2,600, மீதி அடுத்த மாதம் என்றார், சொன்னபடி வந்தது. ரசீது எழுதிக் கொடுத்தேன். அவர் போன பிறகு கூரைக்கு ஜிங்க் எவ்வளவு என்று முதலாளியிடம் விலை கேட்டேன்.